அசைந்தது எது?

சென்ற இதழில் வெளியான பதினாறு கவிதைகளில் நான்கில் கருந்துளை வருகிறது. ஒன்றில் அது காதலியின் கண். ஒன்றில் நகரம். ஒன்றில் தாலுகா ஆபீஸ். நான்காவதில் 'நான்'. இப்படி எண்ணிப் பார்ப்பது குமாஸ்தாப் புத்தி என்று நண்பர்கள் சொல்லலாம். பன்னிரண்டு வருஷமாக வங்கியில் பிறத்தியார் பணத்தை எண்ணிக்கொண்டிருப்பவன் கவிதையையும் எண்ணத்தான் செய்வான். ஆனால் என் புகார் எண்ணிக்கை பற்றியது அல்ல. நான்கிலும் கருந்துளைக்குக் கொடுக்கப்பட்டிருக்கும் வேலை ஒன்றுதான்: விழுங்குவது. எதை, எவ்வளவு தொலைவிலிருந்து, எதனால் என்ற கேள்விகள் கவிஞர்களிடம் எழவே இல்லை. பத்து வருஷத்துக்கு முன் இதே பக்கங்களில் 'சூன்யம்' இருந்த இடத்தில், அதற்கும் முன்னால் 'இருள்' இருந்த இடத்தில், இப்போது கருந்துளை உட்கார்ந்திருக்கிறது. ஆள்தான் மாறியிருக்கிறது, நாற்காலி பழையதே.

பிரமிள் ஐன்ஸ்டீனின் சமன்பாட்டையே தலைப்பாக வைத்துக் கவிதை எழுதியவர். அங்கே பௌதிகம் அலங்காரமாக வரவில்லை என்பதை நம் வட்டத்தில் யாருக்கும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. அந்த ஒரு கவிதையின் பேரால், விஞ்ஞானச் சொற்களை எடுத்துப் புழங்கும் பாத்தியதை நம் எல்லோருக்கும் வந்துவிட்டதாக நினைத்துக்கொண்டிருக்கிறோம்.

ஒரு சின்னத் தகவல். சூரியனை எடுத்துவிட்டு அதே நிறையுள்ள ஒரு கருந்துளையை அதே இடத்தில் வைத்தால் பூமி அதற்குள் போய் விழாது. இப்போது சுற்றும் பாதையில், அதே 365 நாள் கணக்கில், சுற்றிக்கொண்டுதான் இருக்கும். வெளிச்சம் போகும், குளிரில் விறைத்துச் சாவோம், அது வேறு விஷயம். விழுங்கப்பட மாட்டோம். வெகு நெருங்கிப் போனவற்றுக்குத்தான் அது வாய். தொலைவில் இருப்பவற்றுக்கு அது வெறும் எடை, கண்ணுக்குத் தெரியாத எடை. பக்கத்தில் இருப்பவற்றின் நடையை மாற்றுவதன் மூலமே அது தன்னைத் தெரியப்படுத்துகிறது. இந்தத் தகவல் தெரிந்திருந்தால் நான்கு கவிதைகளும் தேறியிருக்கும் என்று சொல்ல வரவில்லை. மூன்று எப்படியும் தேறியிருக்காது. நான்காவதைப் பற்றித்தான் எனக்கு வருத்தம்.

தெரியாத ஒன்றை இருக்கிறது என்று சொல்வதற்கு ஒருவன் என்னென்ன பாடுபட வேண்டும் என்பதைக் கொஞ்ச காலமாகப் படித்து வருகிறேன். பி.ஏ. ஆங்கிலம் படித்தவனுக்கு ஏன் இந்த வேலை என்றால், விமர்சகன் செய்வதாகச் சொல்லிக்கொள்வதும் அதுதானே. கவிதையில் எழுதப்படாத ஒன்று எழுதப்பட்டதை எப்படி வளைக்கிறது என்று காட்டுகிறேன் என்கிறான். வானவியல்காரர்களும் அதையே சொல்கிறார்கள். வித்தியாசம் அதற்குப் பிறகு நடப்பதில் இருக்கிறது.

பால்வீதியின் மையம் தனுசு ராசியின் திசையில், 26,000 ஒளியாண்டுக்கும் அப்பால் இருக்கிறது. இடையில் தூசி. நம் கண்ணுக்குத் தெரியும் ஒளி அதைத் தாண்டி வராது. அகச்சிவப்பு ஒளி வரும். 1990களின் முற்பகுதியிலிருந்து இரண்டு குழுக்கள் அந்த இடத்தையே வருஷக்கணக்காகப் பார்த்துக்கொண்டிருந்தன. ரைன்ஹார்ட் கென்செலின் ஜெர்மன் குழு சிலி நாட்டு மலைகளில் உள்ள தொலைநோக்கிகளைக் கொண்டு. ஆண்ட்ரியா கெஸ்ஸின் அமெரிக்கக் குழு ஹவாயியில் உள்ள கெக் தொலைநோக்கிகளைக் கொண்டு. இரண்டும் போட்டிக் குழுக்கள். ஒரே விண்மீனை ஒருவர் எஸ்2 என்றார், மற்றவர் எஸ்0-2 என்றார், பெயரில்கூட ஒத்துப்போகவில்லை. அந்த விண்மீன் ஏறத்தாழ 16 வருஷத்தில் ஒரு நீள்வட்டத்தைச் சுற்றி முடிக்கிறது. 2002லும் 2018லும் அது மையத்தை மிக நெருங்கியது. பூமிக்கும் சூரியனுக்கும் உள்ள தூரத்தைப்போல் 120 மடங்குதான் அப்போது இடைவெளி. வேகம் விநாடிக்கு 7,000 கிலோமீட்டருக்கு மேல். அவ்வளவு வேகத்தில் போகும் ஒன்றைப் பிடித்துத் திருப்ப வேண்டுமென்றால் மையத்தில் நாற்பது லட்சம் சூரியன்களின் நிறை இருந்தாக வேண்டும். அந்த இடத்தில் ஒரு மங்கலான ரேடியோ புள்ளியைத் தவிர வேறொன்றும் இல்லை.

இதற்காக 2020ல் இருவருக்கும் நோபல் பரிசில் பாதியைப் பகிர்ந்து கொடுத்தார்கள். பரிசுக் குறிப்பில் இவர்கள் இருவரின் பங்குக்கு எழுதப்பட்டிருப்பது 'மிகப் பெருநிறையுள்ள செறிந்த பொருள்' என்பது மட்டுமே. கருந்துளை என்ற சொல் அதில் இல்லை. கால் நூற்றாண்டுக்கு மேல் பார்த்து, இரண்டு கண்டங்களில் தனித்தனியாக அளந்து, கணக்கு ஒத்துப்போன பிறகும் கையில் இருக்கும் சாட்சியம் எவ்வளவு தூரம் செல்லுமோ அவ்வளவு தூரம்தான் சொல் செல்லலாம் என்று நிறுத்திக்கொண்டார்கள். ஒரே இதழில் நான்கு கருந்துளைகளைக் கண்டுபிடித்த நாம் இதைக் கொஞ்சம் யோசிக்கலாம்.

நம் தர்க்க நூல்கள் காண்டல், கருதல், உரை என்று மூன்று அளவைகள் சொல்லும். தூரத்துக் கோள்களும் கருந்துளைகளும் பெரும்பாலும் கருதலால் அறியப்பட்டவை. நம் விமர்சனம் பெரும்பாலும் மூன்றாவதில் குடியிருக்கிறது. பெரியவர் சொன்னார், ஆகவே.

கோள்களின் விஷயத்தில் கருதல் இன்னும் நுட்பமானது. விண்மீன் ஒன்றைக் கோள் சுற்றுகிறது என்று சொல்கிறோமே, உண்மையில் இரண்டுமே ஒரு பொது மையத்தைச் சுற்றுகின்றன. யானையும் அதன் குட்டியும் கயிறிழுப்பதுபோல. யானையும் ஒரு அங்குலம் நகரும். அந்த ஒரு அங்குலத்தைத்தான் அளக்க வேண்டும். விண்மீன் நம்மை நோக்கி வரும்போது அதன் நிறமாலையில் உள்ள கோடுகள் நீலத்தின் பக்கம் நகரும், விலகும்போது சிவப்பின் பக்கம். 1995ல் மிஷேல் மேயரும் திதியே கெலோவும் பிரான்சின் ஓத் ப்ரோவான்ஸ் ஆய்வகத்தில் 51 பெகாசி என்ற விண்மீன் 4.2 நாளைக்கு ஒருமுறை, விநாடிக்கு ஐம்பது அறுபது மீட்டர் வேகத்தில், முன்னும் பின்னும் போய் வருவதைக் கண்டார்கள். ஐம்பது ஒளியாண்டுக்கு அப்பால் உள்ள ஒரு தீப்பிழம்பு, மதுரை பாசஞ்சரைப்போல் மூன்று மடங்கு வேகத்தில் அசைகிறது என்று இங்கே உட்கார்ந்து சொல்வது! வியாழன் கிரகத்தின் பாதி நிறையாவது உள்ள ஒரு கோள் நான்கே நாளில் சுற்றுகிறது என்பது அதன் பொருள். அப்போதைய கொள்கைகளில் அப்படி ஒன்றுக்கு இடமே இல்லை. கனடாவைச் சேர்ந்த டேவிட் கிரே, அது கோள் அல்ல, விண்மீனின் மேற்பரப்பே அதிர்கிறது என்று 1997ல் எழுதினார். மறு வருஷமே, நல்ல அளவீடுகள் கிடைத்ததும், தான் சொன்னது நிற்காது என்று அவரே எழுதினார். மேயருக்கும் கெலோவுக்கும் 2019ல் நோபல் பரிசு வந்தது. எனக்குப் பிடித்த பாத்திரம் கிரே.

பூமி சூரியனை அசைப்பது விநாடிக்கு 9 சென்டிமீட்டர். எறும்பைவிட வேகம், தவழும் குழந்தையைவிட மெதுவு. வேறோர் இடத்திலிருந்து நம்மைத் தேடுகிறவன் அந்த 9 சென்டிமீட்டரைப் பிடித்தாக வேண்டும். அல்லது கோள் விண்மீனின் முன்னால் குறுக்கே போகும்போது ஒளி எவ்வளவு மங்குகிறது என்று பார்க்க வேண்டும். 2009ல் ஏவிய கெப்ளர் தொலைநோக்கி லட்சத்துக்கு மேற்பட்ட விண்மீன்களை அப்படித்தான் இமைக்காமல் பார்த்தது. பூமியளவு கோள் சூரியனளவு விண்மீனை மறைத்தால் பத்தாயிரத்தில் ஒரு பங்கு ஒளிகூடக் குறையாது. பெரும்பாலும் இந்த வழிகளில் கண்டு உறுதி செய்தவை 2025ல் 6,000ஐத் தாண்டின.

வெற்றிகளைப் பட்டியலிடுவதில் எனக்கு உற்சாகமில்லை. தவறுகள்தான் படிக்கத் தகுந்தவை.

அவற்றில் மிகப் பழையவற்றில் ஒன்று சென்னை நுங்கம்பாக்கத்தில் நடந்தது. கிழக்கிந்தியக் கம்பெனியின் சென்னை வானாய்வகம் 1792லிருந்து அங்கே இருந்தது. தமிழிலும் தெலுங்கிலும்கூட எழுத்துப் பொறித்த அதன் கருங்கல் தூண் இன்றும் வானிலை அலுவலக வளாகத்தில் நிற்கிறது. மழை வருமா என்று கேட்கத்தான் நமக்கு அந்த விலாசம் தெரியும். 1855ல் அதன் தலைவராக இருந்த கேப்டன் ஜேக்கப், 70 ஒபியுகை என்ற இரட்டை விண்மீனின் பாதை கணக்கோடு பொருந்தாமல் விலகுவதைப் பார்த்து, அங்கே கோள் ஒன்று இருக்க மிகுந்த சாத்தியம் உண்டு என்று லண்டனுக்கு எழுதினார். நாற்பது வருஷம் கழித்து அமெரிக்காவில் தாமஸ் ஸீ என்பவர் அதையே இன்னும் அழுத்தமாகச் சொன்னார். 1899ல் மோல்டன், அப்படி ஒரு பொருள் அந்தப் பாதையில் நிலைத்திருக்கவே முடியாது என்று கணக்குப் போட்டுக் காட்டினார். ஸீ கோபமாகப் பதில் கடிதம் எழுதினார். சிறு பத்திரிகை உலகம் எல்லாக் காலத்திலும் எல்லா நாட்டிலும் ஒன்றுதான் போலும்.

ஜேக்கப் பொய் சொல்லவில்லை. விலகல் தாளில் இருந்தது. தாளில் இருந்த விலகல் வானத்தில் இருந்ததா என்பதுதான் கேள்வி.

இந்தக் கேள்வியின் முழுக் கனமும் பீட்டர் வான் டி காம்ப் என்பவரின் தலையில் இறங்கியது. அமெரிக்காவின் ஸ்வார்த்மோர் கல்லூரியில் ஸ்ப்ரோல் ஆய்வகத்தின் தலைவர். ஆறு ஒளியாண்டு தொலைவில் உள்ள பர்னார்டு விண்மீனை 1938லிருந்து தன் தொலைநோக்கியால் கண்ணாடித் தகடுகளில் படமெடுத்து வந்தார். இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட தகடுகள். அவர் தேடிய அசைவு தகட்டின்மேல் ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கையொட்டியது. ஒருவர் கண் ஏமாற்றலாம் என்பதற்காகப் பத்துப் பேர்வரை வைத்து அளக்கச் சொல்லிச் சராசரி எடுத்தார். அவரைவிடக் கறாரான மனிதரைச் சொல்வது கடினம். 1963ல் அறிவித்தார்: வியாழனைவிடப் பெரிய கோள் ஒன்று, 24 வருஷச் சுற்று. பாடப் புத்தகங்களில் ஏறியது. பிறகு ஒன்று அல்ல இரண்டு என்று திருத்தினார்.

1973ல் கேட்வுட், ஐக்ஹார்ன் என்ற இருவர் வேறு தொலைநோக்கித் தகடுகளில் பார்த்தார்கள், அசைவு இல்லை. அதே வருஷம், அதே ஸ்ப்ரோல் ஆய்வகத்தில் வேலை பார்த்த ஜான் ஹெர்ஷி செய்த காரியம்தான் என்னைத் தூங்கவிடவில்லை. அவர் அதே ஆய்வகத்துத் தகடுகளில் முற்றிலும் வேறொரு விண்மீனை எடுத்து அளந்தார். அந்த விண்மீனும் அதே வருஷங்களில் அதே மாதிரி துள்ளியிருந்தது. சம்பந்தமில்லாத விண்மீன்கள் ஒரே நேரத்தில் ஏன் துள்ள வேண்டும்? ஆய்வகத்தின் பதிவேட்டைப் பார்த்தால் விடை இருந்தது. 1949ல் தொலைநோக்கியின் கண்ணாடியைத் தாங்கும் சட்டத்தை மாற்றியிருக்கிறார்கள். 1957ல் கண்ணாடியைச் சரிசெய்திருக்கிறார்கள். அசைந்தது பர்னார்டு விண்மீன் அல்ல. ஸ்ப்ரோல் தொலைநோக்கி.

பத்துப் பேர் அளந்தார்களே என்றால், பத்துப் பேரும் ஒரே கண்ணாடி வழியாக வந்ததைத்தான் அளந்தார்கள். பத்து வாசிப்புகள் என்று எண்ணிக்கொண்டிருந்தது ஒரே வாசிப்பு. இதை எழுதும்போது நம் வட்டத்தின் விமர்சகர்கள் முகம் ஒவ்வொன்றாக எனக்கு நினைவுக்கு வருகிறது. ஒரே திண்ணையில் உட்கார்ந்து, ஒரே மனிதரின் பேச்சைக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். ஒரு தொகுப்பு வந்தால் ஐந்து பேர் ஒரே அபிப்பிராயம் எழுதுகிறோம். பிறகு அந்த ஒற்றுமையையே அபிப்பிராயத்தின் சரித்தன்மைக்குச் சாட்சியாகக் காட்டுகிறோம்.

வான் டி காம்ப் கடைசிவரை ஒப்புக்கொள்ளவில்லை. 1995 மே மாதம் இறந்தார். 51 பெகாசியின் கோள் அறிவிக்கப்பட்டது அந்த அக்டோபரில். இதில் ஒரு பின்குறிப்பும் உண்டு. பர்னார்டு விண்மீனுக்குக் கோள் உண்டு என்று 2018ல் இன்னொரு குழு சொல்லி, அதுவும் 2021ல் விழுந்தது. விண்மீனின் மேற்பரப்புப் புள்ளிகளின் விளையாட்டு. 2024ல் மறுபடி ஒன்று, பூமியைவிடச் சிறியது, மூன்று நாள் சுற்று. 2025ல் வேறொரு கருவியால் அதை உறுதி செய்து, மொத்தம் நான்கு என்றார்கள். யாராவது இதை எடுத்துக்கொண்டு, 'பார்த்தீர்களா, கிழவர் உள்ளுணர்வால் சரியாகத்தான் சொன்னார்' என்று கிளம்பலாம். கூடாது. அவர் சொன்ன கோள்கள் வேறு, இவை வேறு. தவறான காரணத்துக்காகச் சரியான இடத்தைக் காட்டுவது லாட்டரி. நம் விமர்சன முன்னோடிகள் சிலரின் 'தீர்க்கதரிசனங்கள்' இந்த வகையைச் சேர்ந்தவை என்பது என் கட்சி; அதை வேறு சமயம் பேசலாம்.

சந்திரசேகர், எடிங்டன் கதையை இங்கே எடுக்கவில்லை. நம் பக்கத்து ஆள் அவமதிக்கப்பட்டு ஜெயித்த கதை என்பதால் அதை அளவுக்கு மேல் சொல்லியாகிவிட்டது. நான் சொல்ல விரும்புவது தோற்றுப்போன ஒருவரின் கதை.

இங்கிலாந்தில் ஜோட்ரல் பாங்க் என்று ஒரு ரேடியோ தொலைநோக்கி நிலையம். பெயரில் பாங்க் இருப்பதால் எனக்கு அதன்மேல் தனிப் பிரியம். அங்கே ஆண்ட்ரூ லைனும் இரு சகாக்களும் பல்சர் ஒன்றைப் பார்த்து வந்தார்கள். பல்சர் என்பது இறந்த விண்மீனின் எச்சம், கடிகாரம்போலத் துடிக்கும். அதன் துடிப்பு கொஞ்சம் முந்தியும் பிந்தியும் வந்தது. கோள் ஒன்று அதை அசைக்கிறது, ஆறு மாதச் சுற்று என்று 1991 ஜூலையில் 'நேச்சர்' இதழில் எழுதினார்கள். சூரியனுக்கு வெளியே கண்ட முதல் கோள் என்று உலகமெல்லாம் செய்தி.

எங்கள் கிளையில் பழைய காஷியர் ஒருவர் இருந்தார். மாலையில் கணக்கு நேராகாமல் நான் வேர்த்துக்கொண்டிருந்தால், "தம்பி, வித்தியாசத்தை ஒன்பதால வகுத்துப் பாரு" என்பார். மீதமில்லாமல் வகுபட்டால், பெரும்பாலும் நாம்தான் இரண்டு இலக்கங்களை இடம் மாற்றி எழுதியிருப்போம். 63ஐ 36 என்று எழுதினால் வித்தியாசம் 27. வாடிக்கையாளர் ஏமாற்றினாரா, நோட்டு காற்றில் போனதா என்று தேடுவதற்கு முன்னால், அந்த எண்ணே உன் கையைக் காட்டிக் கொடுக்கிறதா என்று பார். ஆறு மாதம் என்பது அப்படிப்பட்ட எண். நாம் உட்கார்ந்திருக்கும் பூமியின் வருஷத்தில் சரிபாதி. லைனுக்கே அது உறுத்திக்கொண்டிருந்தது. கணக்கைத் திரும்பப் போட்டார். பூமியின் பாதை முழு வட்டம் அல்ல, சற்றே நீள்வட்டம். அதைக் கணக்கில் சரியாகச் சேர்க்கவில்லை. சேர்த்ததும் கோள் மறைந்துவிட்டது. அசைந்தது பூமி.

1992 ஜனவரியில் அட்லாண்டா நகரில் அமெரிக்க வானவியல் சங்கத்தின் கூட்டம். லைன் அங்கே தன் கோளைப் பற்றிப் பேசுவதற்கு அழைக்கப்பட்டிருந்தார். மேடையேறி, அப்படி ஒன்று இல்லை, தவறு எங்களுடையது, இன்ன இடத்தில் நடந்தது என்று சொன்னார். சபை எழுந்து நின்று கைதட்டியது. அடுத்துப் பேச வேண்டியவர் போலந்துக்காரரான அலெக்சாண்டர் வோல்ஷான். அவர் கையில் வேறொரு பல்சரும் அதற்கு இரண்டு கோள்களும் இருந்தன. அரசிபோ தொலைநோக்கியின் அளவீடுகள். லைனின் ஒப்புதலைக் கேட்ட காதோடு சபை இவர் பேச்சைக் கேட்டது. அவை இன்றுவரை நிற்கின்றன. அன்று லைன் மட்டும் வாயைத் திறக்காமல் இருந்திருந்தால் வோல்ஷானின் மெய்க்கோள்கள் லைனின் பொய்க்கோளுக்குப் பக்கத்தில் உட்கார வேண்டியிருந்திருக்கும்.

நம் பத்திரிகைகளின் பழைய இதழ்களைப் புரட்டிப் பார்த்திருக்கிறேன். மறுப்பு, மறுப்புக்கு மறுப்பு, வசை, வசைக்கு விளக்கம் எல்லாம் உண்டு. 'நான் எழுதிய விமர்சனம் தவறு, தவறு இன்ன இடத்தில்' என்று ஒருவர் எழுதி நான் படித்ததில்லை.

2019 ஏப்ரல் 10ஆம் தேதி வந்த அந்தப் படம் எல்லோரும் பார்த்தது: கறுப்பு நடுவில், ஆரஞ்சு நிற வளையம். எம் 87 என்ற விண்மீன் மண்டலத்தின் மையம், ஐந்தரைக் கோடி ஒளியாண்டுக்கு அப்பால், அறுநூற்றைம்பது கோடி சூரியன்களின் நிறை. நம் நான்கு கவிஞர்களுக்கும் மூலப் பிரதி அதுதான் என்று நினைக்கிறேன். அதைப் 'புகைப்படம்' என்றார்கள். புகைப்படம் என்றால் காண்டல். அது காண்டல் அல்ல. ஆரஞ்சு நிறம் மனிதர்கள் தேர்ந்தது, வந்தது 1.3 மில்லிமீட்டர் அலைநீளமுள்ள ரேடியோ அலை. நிலாவில் வைத்த ஆரஞ்சுப் பழத்தை இங்கிருந்து பார்க்கும் கூர்மை வேண்டும். அதற்குப் பூமியளவு தொலைநோக்கி வேண்டும். பூமியின் பல மூலைகளில் எட்டுத் தொலைநோக்கிகளைச் சேர்த்து, 2017 ஏப்ரலில், அப்படி ஒன்று இருப்பதுபோல் பாவித்தார்கள். தரவுகள் தந்தியில் அனுப்ப முடியாத அளவு. வட்டுகளை விமானத்தில் ஏற்றிக்கொண்டு வந்தார்கள். தென் துருவத்து வட்டுகள் அங்கே குளிர்காலம் முடியும்வரை காத்திருந்தன. இவ்வளவுக்குப் பிறகும் கையில் இருந்தது ஓட்டை நிறைந்த பிரதி. பாதிக்கு மேல் செல்லரித்த ஏட்டைப் பதிப்பிக்கிற வேலை. விடுபட்ட எழுத்துக்குத் தனக்குத் தெரிந்த பாடத்தை எவனும் போட்டுவிடலாம். எல்லோருக்கும் என்ன வேண்டும் என்று முன்பே தெரியும்: வளையம்.

ஆகவே நான்கு அணிகளாகப் பிரிந்தார்கள். ஒருவரோடொருவர் பேசக் கூடாது. இரண்டு அணிகள் பழைய முறையில், இரண்டு புதிய முறையில். 2018 ஜூலையில் ஒரே அறையில் கூடி நான்கு படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள். நான்கிலும் வளையம். அதோடும் விடவில்லை. நடுவில் ஓட்டை இல்லாத வட்டத்தட்டு, பிறை, இரட்டைப் புள்ளி என்று பொய்த் தரவுகளை உண்டாக்கி அதே முறைகளில் போட்டார்கள், வளையம் இல்லாத இடத்திலும் அந்த முறை வளையத்தைக் கொண்டுவந்து வைக்கிறதா என்று பார்க்க.

இதில் ஆங்கிலம் படித்தவனுக்குத் தெரிந்த ஒரு முகம் இருக்கிறது. ஐ.ஏ. ரிச்சர்ட்ஸ் கேம்பிரிட்ஜில் கவிஞர் பெயரை எடுத்துவிட்டுக் கவிதைகளை மட்டும் மாணவர்களிடம் கொடுத்து எழுதச் சொன்னார். 1929ல் அது புத்தகமாக வந்தது. பி.ஏ. வகுப்பில் அதை நாங்கள் ஐந்து மார்க் குறிப்பாக மனப்பாடம் செய்தோம். ஈர்ப்பலைகளைத் தேடியவர்கள் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். 2010 செப்டம்பரில் அவர்களில் வெகு சிலர் மட்டும் அறிய, கருவிக்குள் ஒரு போலிச் சமிக்ஞை செலுத்தப்பட்டது. நூற்றுக்கணக்கானவர்கள் அதை மாதக்கணக்கில் ஆராய்ந்து, கட்டுரையே எழுதி முடித்துவிட்டார்கள். 2011 மார்ச்சில் எல்லோரையும் கூட்டி, அது நாம் போட்டதுதான் என்று சொன்னார்கள். 2015 செப்டம்பர் 14 அன்று நிஜமான சமிக்ஞை, இரண்டு கருந்துளைகள் மோதிய அலை, வந்தபோது அவர்கள் முதலில் கேட்டது: இதுவும் நம்மவர் போட்டதா?

எம் 87 படத்தின் கதையும் முடிந்துவிடவில்லை. தரவுகளைப் பொதுவில் வைத்தார்கள். ஜப்பானிய வானவியலாளர் மியோஷியும் சகாக்களும் அதே தரவுகளிலிருந்து வளையம் வரவில்லை என்று 2022ல் எழுதினார்கள். முதல் குழு அந்த முறையில் உள்ள கோளாறுகளைச் சுட்டிப் பதில் சொன்னது. எனக்குப் பதில் சரியென்று படுகிறது, ஆனால் இந்தத் தகராறில் அபிப்பிராயம் சொல்ல எனக்கு யோக்யதை இல்லை. பத்துப் பேர் ஒரே கண்ணாடி என்ற என் பழைய உறுத்தல் இங்கேயும் இருக்கத்தான் செய்கிறது: நான்கு அணிகள், தரவு ஒன்று. பால்வீதி மையத்தின் கணக்கில் இருப்பதுபோல் இரண்டு மலைகள், இரண்டு கண்ணாடிகள், இரண்டு பகையாளிகள் என்பதுதான் மேலான ஏற்பாடு.

கவிதைக்கு ஏதய்யா அளவுகோல் என்று நண்பர்கள் கேட்பார்கள். இல்லை. வாசகன் தொலைநோக்கி அல்ல, கவிதை விண்மீனும் அல்ல. ஹெர்ஷி செய்ததை மட்டும் நான் செய்து பார்த்தேன். அதற்கு அளவுகோல் தேவைப்படவில்லை, பழைய இதழ்கள் போதுமாக இருந்தன.

இந்தப் பத்திரிகையில் 2016 டிசம்பருக்கும் 2017 ஏப்ரலுக்கும் இடையில் நான் மூன்று கவிதைத் தொகுப்புகளைப் பற்றி எழுதினேன். மூன்று பேரும் ஒருவரையொருவர் அறியாதவர்கள். வேறு ஊர், வேறு வயது, வேறு மொழி நடை. மூன்று கட்டுரைகளையும் சென்ற மாதம் வரிசையாக வைத்துப் படித்தேன். முதலாவதில் 'உள்ளீடற்ற சொற்கள்' என்று எழுதியிருக்கிறேன். இரண்டாவதில் 'மையத்தில் ஒன்றுமில்லை'. மூன்றாவதில் 'செல்லாத நாணயம்'. மூன்றும் ஒரே துள்ளல். பதிவேட்டைப் பார்க்க வேண்டியதுகூட இல்லை. 2016 நவம்பர் 8ஆம் தேதி இரவு ஐந்நூறும் ஆயிரமும் செல்லாது என்று அறிவித்தார்கள். அதற்குப் பிறகு வாரக்கணக்கில் கவுண்டரின் இந்தப் பக்கம் உட்கார்ந்து, ஜனங்கள் வாழ்நாளெல்லாம் சேர்த்து மடித்து வைத்திருந்த தாளை வாங்கி, எண்ணி, கட்டி, செல்லாதென்று உள்ளே தள்ளிக்கொண்டிருந்தேன். அறைக்குத் திரும்பப் பத்து மணி ஆகும். அதற்குப் பிறகு உட்கார்ந்துதான் அந்த மூன்று தொகுப்புகளையும் படித்தேன். என் சட்டத்தை மாற்றியிருந்தார்கள், எனக்குத் தெரியவில்லை.

மூவரில் ஒருவர் பெண். பெயர் வேண்டாம். அந்தக் கட்டுரைக்குப் பிறகு அவர் எந்தப் பத்திரிகையிலும் எழுதி நான் பார்க்கவில்லை. அதற்குக் காரணம் நான்தான் என்று சொல்லிக்கொள்வதும் ஒருவகை அகங்காரமே, என்ன காரணமோ. அவருடைய தொகுப்பை மறுபடி எடுத்தேன். 41ஆம் பக்கத்தில் ஒரு கவிதை. ஒரு வீட்டில் இரவுச் சாப்பாடு. எல்லோரும் வந்து உட்காருகிறார்கள். சின்னப் பையன் தண்ணீர்ச் செம்பை எடுத்துக்கொண்டு நேராக வராமல், தரையில் ஒரு இடத்தைச் சுற்றி வளைந்து வருகிறான். அம்மாவின் கை குழம்புக் கரண்டியோடு ஒரு இடத்தில் தயங்கி அடுத்த தட்டுக்குப் போகிறது. யார் செத்தார்கள், எப்போது என்று எங்கும் இல்லை. சாவு என்ற சொல்லே இல்லை. 'மையத்தில் ஒன்றுமில்லை' என்று நான் எழுதியது இந்தக் கவிதையைப் பற்றித்தான்.

அந்தப் பையன் வளைகிறான். எதைச் சுற்றி வளைகிறான் என்று நான் பார்த்திருக்க வேண்டும். தொகுப்பில் இதுபோல இன்னும் ஆறேழு தேறும், சில தேறாதவையும் உண்டு. மூன்று கட்டுரைகளையும் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். இந்தத் தொகுப்பைப் பற்றி அடுத்த இதழுக்குப் புதிதாக எழுதித் தருகிறேன், ஆசிரியர் இடம் கொடுத்தால். அதற்கு முன்னால் இதே தொகுப்பைப் பற்றி, நம் வட்டத்துக்குச் சம்பந்தமில்லாத யாராவது ஒருவர், என்னுடையதைப் படிக்காமல் எழுதினால் நல்லது.